காலில்லாத தருமா

வத்தளை

அன்பின் பிள்ளைக்கு,

நீர் போன கிழமை அனுப்பிய நெட்சுகே படத்தைப் பார்த்தேன். கூடவே கேட்ட கேள்விதான் என்னை விடுகிறதில்லை: பௌத்தத் துறவி போதிதர்மர் கொட்டாவி விடுவதாகச் செதுக்கியது அவமதிப்பு இல்லையா?

அடியில் இரண்டு ஓட்டை, ஆகவே பழுதான சாமான் என்று வீட்டில் சொன்னார்களாம். அதை முதலில் முடிப்போம். அந்த ஓட்டைக்காகத்தான் நெட்சுகேயே. ஜப்பானியரின் கிமோனோவில் சட்டைப்பை இல்லை. நம்மூர்ப் பெரியவர்கள் வெற்றிலையை மடியில் செருகியதுபோல, எடோ காலத்து ஆண்கள் மருந்துப்பெட்டியையும் புகையிலைப்பையையும் கயிற்றில் கட்டி இடைப்பட்டியில் தொங்கவிட்டார்கள். கயிறு நழுவாமல் மேலே பிடித்துக்கொள்ளும் குமிழ் இது. ஓட்டைகளில் ஒன்று பெரும்பாலும் பெரிதாக இருக்கும். முடிச்சு அதற்குள் மறையும். விளிம்பு கயிறு உரசி மழுங்கியிருக்கிறதா என்று பாரும். விளிம்பு கூராக இருந்து, உடம்பு மட்டும் தேயிலைச்சாய நிறத்தில் பழசாகத் தெரிந்தால் சந்தேகப்படும்.

இனி தருமா. ஜப்பானில் போதிதர்மருக்கு அதுதான் பெயர். ஒன்பது வருஷம் சுவரைப் பார்த்தே இருந்ததில் கால்கள் அற்றுப்போயின என்பது கதை. செதுக்குகிறவனுக்கு இதைவிட வாய்ப்பான ஆள் யார்? நீட்டிய காலும் ஓங்கிய வாளும் பட்டில் மாட்டும், முறியும். போர்வைக்குள் திரண்டு கிடக்கும் தருமா எதிலும் மாட்டார். அவரை அத்தனை பேர் செதுக்கியது ஞானத்துக்காக அல்ல, காலில்லாததற்காகவே என்பது என் கட்சி. பண்டிதர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் போகட்டும்.

கொட்டாவியா? ஒன்பது வருஷம் கழித்து எழும்புகிற மனிசர் வேறென்ன செய்வார்? ஹக்குயின் (1686–1769) பெரிய சென் பௌத்தத் துறவி; அவர் வரைந்த தருமாக்களின் பிதுங்கிய கண்களைப் பாரும். மடத்துக்காரரே சிரித்துக்கொண்டு கும்பிட்டவரை நாம் ஏன் விறைப்பாக்க வேண்டும்? அவர் பிறப்பைப் பற்றியும் ஒரு சொல்: ‘ஏழாம் அறிவு’ படம் பார்த்த நாள் முதல் எல்லாரும் அவரைக் காஞ்சி இளவரசர் என்று அடித்துச் சொல்கிறீர்கள். 547 அளவில் எழுதிய சீனர் யாங் சுவான்சி அவரைப் பாரசீகர் என்கிறார். இன்னொரு சீனர் தான்லின், தென்னிந்திய அரசனின் மூன்றாம் மகன் என்கிறார். காஞ்சி இருவரிடமும் இல்லை. வாசித்துவிட்டு வாதாடும்.

எட்மண்ட் டி வால் தன் குடும்பத்தின் 264 நெட்சுகேக்களைப் பற்றி 2010இல் எழுதிய நூல் என்னிடம் இருக்கிறது. வியன்னாவில் நாசிகள் அந்தக் குடும்பத்தின் வீட்டைச் சூறையாடியபோது, வேலைக்காரி அன்னா அவற்றைச் சிறுகச் சிறுக ஏப்ரன் பையில் போட்டுக் கொண்டுபோய் மெத்தைக்குள் ஒளித்தாள். வந்து எடுத்துப்போம். பக்கங்களில் பென்சிலால் கோடு போடாதேயும்.

அன்புடன்,
உமது ஆசிரியர்