குயவனும் கடிகாரமும் புற்றும்

இந்நாட்டுப் பாடசாலைகளில் எமது பிள்ளைகள் கூர்ப்புக் கொள்கையைப் படிக்கிறார்கள். இந்தியப் பாடநூல்கள் இதனைப் பரிணாமம் என்று சொல்லும். அதே பிள்ளைகளுக்குச் சைவ வகுப்பில், பானையைக் கண்டால் குயவன் உண்டென்று அறிவது போல உலகைக் கண்டு இறைவன் உண்டென்று அறிகிறோம் என்று கற்பிக்கிறோம். இரண்டில் எது சரி என்று அவர்கள் கேட்டால், "அப்படிக் கேட்கக் கூடாது" என்று அதட்டுவது முறையன்று. நாம் மழுப்பினால் பிள்ளை குயவனோடு கோயிலையும் சேர்த்தே விட்டுவிடும்.

முதலில் பாடசாலையில் சொல்லப்படுவதைப் பார்ப்போம். வில்லியம் பேலி என்னும் ஆங்கிலேய மதகுரு 1802இல் ஒரு நூல் எழுதினார். வெட்டவெளியில் ஒரு கடிகாரம் கிடந்தால், அதன் சில்லுகளும் வில்லும் பொருந்தியிருக்கும் விதத்தைக் கண்டே அதைச் செய்தவன் ஒருவன் உண்டென்று கொள்வோம்; கண்ணோ கடிகாரத்திலும் நுட்பமானது; ஆகவே கண்ணையும் ஒருவன் திட்டமிட்டே செய்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். கேம்பிரிட்ஜில் படித்த காலத்தில் இந்நூலை விரும்பிக் கற்றவர்களில் சார்ள்ஸ் டார்வினும் ஒருவர். 1859இல் வெளியான டார்வினுடைய நூலே இவ்வாதத்தை அசைத்தது.

கடிகாரம் குட்டி போடுவதில்லை, உயிர்களோ பெருகுகின்றன. குட்டிகளிடையே சிறு சிறு வேறுபாடுகள் உண்டு. வாழ்வதற்கு உதவும் வேறுபாடு அடுத்த தலைமுறையில் பெருகும், உதவாதது அருகிப் போகும். இப்படியே சேர்ந்து சேர்ந்து கண்ணும் உருவாகலாம் என்பது டார்வின் கொள்கை. இதன் படிகளை இன்றும் உயிருள்ள பிராணிகளிடம் காணலாம். தட்டைப்புழுவுக்கு ஒளியை உணரும் சிறு குழி மட்டுமே உண்டு. நோட்டிலஸ் என்னும் கடற்பிராணியின் கண்ணில் வில்லை கிடையாது, ஊசித்துளை போன்ற திறப்புத்தான். 1994இல் சுவீடன் ஆய்வாளர் நில்சன், பெல்கர் ஆகிய இருவரும் கணக்கிட்டு, தட்டையான ஒளியுணர் தோல் மீன்கண் போன்றதாக மாறுவதற்கு நான்கு இலட்சம் தலைமுறைகள்கூட வேண்டியதில்லை என்று காட்டினர். எமது கண்ணில் ஒரு குறையும் உண்டு. நரம்பிழைகள் விழித்திரைக்கு முன்னால் ஓடி ஓரிடத்தில் துளைத்து வெளியேறுவதால் அவ்விடத்தில் பார்வை இல்லை. ஒக்டோபஸின் கண்ணுக்கு இக்குறை கிடையாது. கண்ணைக் காட்டிக் கடவுளை நிறுவ முயல்வோர் இதற்கும் விடை சொல்ல வேண்டும்.

"கூர்ப்பு எங்கள் சிவபுராணத்திலேயே இருக்கிறது" என்று பெருமைப்படுவோரும் எம்மிடையே உளர். அப்பாடலின் வரிசையைக் கவனித்தால் பாம்புக்கு முன்னே பறவையும், மனிதருக்கு முன்னே கல்லும், மனிதருக்குப் பின்னே பேயும் வரும். உயிர் எடுத்து இளைத்த பிறவிகளையே மணிவாசகர் அங்கு சொல்கிறார். உடல்களின் வம்சாவழியை அன்று. பிள்ளைகள் இதை எளிதில் கண்டுபிடித்து விடுவார்கள்.

இனி எமது குயவனிடம் வருவோம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் முதற் சூத்திரம் உலகின் நுட்பத்தைக் காரணமாகக் காட்டவில்லை. அவன், அவள், அது எனப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவது. ஆகவே அதற்கு ஒரு கருத்தா வேண்டும் என்பதே அங்கு காட்டும் காரணம். பானைக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகுக்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணம். கண் ஒரே நாளில் வந்தாலென்ன, கோடி ஆண்டுகளில் வந்தாலென்ன, அது தோன்றி அழிவதே. எனவே டார்வின் பேலியை வென்றதனால் மெய்கண்டார் தோற்றுவிடவில்லை. இந்த வேறுபாட்டை எமது வகுப்புகளில் போதிய அளவு சொல்லிக் கொடுப்பதில்லை என்பது எமது கருத்து.

அதற்காக முதற் சூத்திரத்தை எவரும் மறுக்கவில்லை என்று எண்ணிவிட வேண்டாம். குயவன் உவமை வடநாட்டிலும் பழையது. அதற்கு மறுப்பும் மெய்கண்டாருக்கு முன்பே எழுந்தது. பௌத்தப் பேராசிரியர் தர்மகீர்த்தி, மண்ணால் ஆனது என்பதற்காகக் கறையான் புற்றையும் குயவன் செய்தான் என்பீர்களா என்று கேட்டார். பானை செய்வதை நாம் கண்டிருக்கிறோம். உலகைச் செய்வதைக் கண்டவர் யார்? இராமாநுசரோ இறைவனை ஆகமப் பிரமாணமாகிய வேதத்தால் அறியலாமேயன்றி அனுமானத்தால் நிறுவ முடியாது என்று ஸ்ரீபாஷ்யத்தில் வாதிட்டார். பெரிய மாளிகையைப் பலர் கூடிக் கட்டுவது போல உலகையும் பலர் செய்திருக்கலாமே என்பது அவர் எழுப்பிய தடைகளுள் ஒன்று.

புற்றைப் பற்றிய கேள்வி கடினமானதே. சித்தாந்தத்தின் விடை, மாயையும் கன்மமும் அறிவற்றவை, உயிரோ தன் வினைப்பயனைத் தானே தேடிப் பொருந்த மாட்டாது, ஆதலால் அறிந்து கூட்டுவோன் ஒருவன் வேண்டும் என்பது. உயிரும் வினையும் உண்டென்று ஏற்றவருக்கே இவ்விடை பொருந்தும். ஏற்காதவரிடம் வழக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். தட்டைப்புழுவிலிருந்து தொடங்குவதில் பயனில்லை.

அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பரபக்கத்தை முன்னே வைத்து, உலகாயதர், பௌத்தர் முதலியோரின் கொள்கைகளை எடுத்துரைத்த பின்பே மறுத்தார். பிள்ளைகள் உயிரியல் பாடத்தைச் சரியாகப் படித்து, அந்நூலுடன் சைவ வகுப்புக்கு வரட்டும். அடுத்த தவணையில் முதற் சூத்திரத்தைத் தர்மகீர்த்தியின் கேள்வியோடு சேர்த்தே எடுக்கவிருக்கிறோம். பெற்றோரும் வந்து பின்வரிசையில் அமரலாம்.