கயிறு கட்டும் முன்

அன்புள்ள கண்ணு,

பனியன் கம்பெனி வீட்டுப் பிள்ளைக்குத் திமிங்கிலத்தோடு என்ன வேலை என்று கேட்கிறார்களாமே. என்னையும் கேட்டார்கள். நானும் திருப்பூர் செக்கிங் டேபிளிலிருந்து கடலுக்குப் போனவன்தான்.

பீஸில் ஓட்டை இருந்தால் அது நிட்டிங்கில் விழுந்ததா, தைக்கும்போது நீடில் கட் ஆனதா என்றுதான் முதலில் பார்ப்போம். செத்து மிதக்கும் திமிங்கிலத்தை, எப்படிச் செத்தது என்று பார்க்கக் கரைக்கு இழுத்து வரும்போதும் அதே கேள்விதான்: காயம் முன்பே இருந்ததா, நாம் உண்டாக்கியதா. வாலடியில் வடத்தைச் சுற்றி, வால் முன்னே வர மெதுவாக இழுப்பார்கள். வடம் தோலை அறுக்கும், மேல்தோல் உரியும். ஒருமுறை நாங்களே கட்டிய வடத்தின் தடத்தைப் பார்த்து, வலையில் மாட்டிச் செத்தது என்று குறித்துவிட்டேன். படகிலிருந்த அண்ணாச்சி சிரித்த பிறகுதான் உறைத்தது. அதனால் கயிறு தொடும் முன்பே வாலடி, வாய், இரண்டு பக்கமும் படம் எடுத்துவிடு.

2016 ஜனவரியில் மணப்பாடு பக்கம் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரையேறின. உயிரோடிருந்தவற்றை மீனவர்கள் படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துப் போனார்கள். பல திரும்பி வந்தன. 45 செத்தன. 1973-லும் அதே கரையோரம் 147 ஒதுங்கியிருக்கின்றன. அந்த மாதிரிக் கூட்டத்தில், வடத்தின் தடம் எது, மணல் உரசியது எது என்று பிரிக்க உனக்கு அந்தப் படங்கள்தான் துணை.

உப்பிய வயிற்றைக் கடலில் குத்தாதே. உடலை மிதக்க வைப்பதே அந்த வாயுதான். மூழ்கினால் படகையும் சேர்த்து இழுக்கும். வடத்தை வெட்டக் கத்தி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தோல் புதிதாகத் தெரிகிறதே என்று ஏமாறாதே, கொழுப்பு சூட்டை வெளியே விடாது. உள்ளே ஈரல் எப்போதோ கூழாகியிருக்கும்.

நீளம் எடுக்கும்போது நம் ஊர்ப் பழக்கம் வரும், டேப்பை உடம்பின் வளைவு மேலேயே போடுவாய். கூடாது. மேல்தாடை நுனியிலிருந்து வால் நடுப்பிளவு வரை நேர்கோடு.

வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு பல்லைக்கூட எடுக்காதே. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல் ஒன்றில் உள்ள உயிர். குடலில் அம்பர்கிரிஸ் இருக்குமா என்று கூட்டத்தில் ஒருத்தராவது கேட்பார். அது எண்ணெய்த் திமிங்கிலத்தில் மட்டும்தான், அதிலும் அபூர்வம், வைத்திருந்தாலே கேஸ்.

ஊருக்கு வந்தால் அம்மாவிடம் ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் கேள். வடத்துக்கு அடியில் சுற்றினால் தோல் அவ்வளவு அறுபடாது. வெள்ளையாகப் பார்த்து வாங்கு, சாயத் துணி உப்புத்தண்ணியில் கலர் விடும்.

அன்புடன்,
மாமா