சேலை விலை வேறு, உடுத்தும் விலை வேறு



தீபாவளி நெருங்கினால் நம் குழுக்களில் கடன் கேட்பது கூடிவிடும். எதுக்கு என்று கேட்டால் பலரும் சொல்வது, "துணி எடுக்கணும்." துணி எடுப்பது தப்பில்லை. பிள்ளைகளுக்குப் புதுசு போட்டுப் பார்க்கத்தானே பாடுபடுகிறோம்? ஆனால் எடுத்த துணி பெட்டியில் தூங்க, கடனுக்கு மட்டும் மாசி வரை தவணை கட்டினால் கட்டுப்படியாகுமா? இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

கணக்கு இதுதான்

துணியின் விலையோடு ஜாக்கெட் தையல் கூலி, ஃபால்ஸ் தைக்கும் செலவு எல்லாவற்றையும் கூட்டுங்கள். அதை எத்தனை தடவை உடுத்துவோமோ அந்த எண்ணால் வகுங்கள். வருவதுதான் ஒரு தடவை உடுத்த ஆகும் செலவு. உதாரணத்துக்கு மூன்று சேலைகளைப் பார்ப்போம்.

1. மலிவு சேலை ரூ.250. தையல், ஃபால்ஸ் ரூ.250. மொத்தம் ரூ.500. சாயம் போய் 20 தடவையில் வீணானால், ஒரு தடவைக்கு ரூ.25.

2. நல்ல பருத்திச் சேலை ரூ.600. தையல், ஃபால்ஸ் அதே ரூ.250. மொத்தம் ரூ.850. வாரம் இரண்டு தடவை, இரண்டு வருஷம் கட்டினால் சுமார் 200 தடவை. ஒரு தடவைக்கு ரூ.4.25.

3. பட்டுச் சேலை, தையலோடு ரூ.8,500. வருஷத்துக்கு 4 விசேஷம், 10 வருஷம் என்றால் 40 தடவை. ஒரு தடவைக்கு ரூ.212.50.

மலிவு என்று எடுத்தது பருத்திச் சேலையைவிடக் கிட்டத்தட்ட ஆறு மடங்கு செலவு வைக்கிறது பாருங்கள். சேலை மட்டமானது என்று தையல் கூலி குறையாது!

அப்போ பட்டே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. நாலு பேர் கூடும் இடத்தில் நாமும் நல்லா உடுத்தி நிற்க வேண்டும். அந்த மதிப்பை ரூபாயால் வகுக்க முடியாது. ஆனால் விசேஷத் துணியைச் சேமித்து வாங்குவோம், கடனில் வேண்டாம். தினம் போடும் துணி, பள்ளிச் சீருடை, செருப்பு ஆகியவற்றில் உறுதியைப் பார்ப்போம்.

"வாரம் 50 ரூபாய்தானே" என்று வாசலுக்கு வரும் தவணைச் சேலையையும் கணக்குப் போடுங்கள். கடையில் ரூ.700 சேலைக்கு 20 வாரம் கட்டினால் ரூ.1,000. அதே ரூ.700-ஐக் குழுவில் 2 வட்டிக்கு எடுத்தால், ஐந்து மாதத்துக்கு வட்டி ரூ.70-ஐத் தாண்டாது. அந்த வட்டியும் நம் குழுவுக்கே வரும்.

எடுப்பதற்கு முன்

- பெட்டியைப் பிரித்து மூன்றாக அடுக்குங்கள்: அடிக்கடி உடுத்துவது, விசேஷத்துக்கு, ஒரு வருஷமாகத் தொடாதது. தொடாததில் மகளுக்குப் பாவாடை சட்டை ஆகுமா, தலையணை உறை ஆகுமா என்று பாருங்கள்.
- குறைவது எது என்று சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். ஆடித் தள்ளுபடியில் விலை பாதியானாலும், உடுத்தாத துணி நஷ்டமே.
- வளரும் பிள்ளைகளுக்கு உள்மடிப்பு விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். பிரித்துவிட்டால் அடுத்த வருஷமும் ஆகும்.
- சாயத் துணியை முதல் தடவை தனியாக அலசி, உள்பக்கம் வெளியே தெரிய நிழலில் காயப்போடுங்கள். பட்டை அவ்வப்போது மடிப்பு மாற்றி வையுங்கள். உழைக்கும் நாள் கூடினால் உடுத்தும் செலவு குறையும்.

குழுச் சேலையும் கணக்குக்குள் வரும்

ஒவ்வொரு ஆண்டு விழாவுக்கும் புது நிறத்தில் குழுச் சேலை எடுக்கிறோம். தையலோடு ரூ.600 என்றால் 20 பேருக்கு ரூ.12,000. விழாவுக்கு மட்டும் கட்டினால் ஒரு தடவைக்கு ரூ.600. அதையே மாதக் கூட்டத்துக்கு 12, வங்கிக்குப் போக 3, விழாவுக்கு 1 என வருஷம் 16 தடவை, மூன்று வருஷம் கட்டினால் 48 தடவை, ரூ.12.50 தான். "போன வருஷச் சேலையா?" என்று கேட்டால், "ஆமா, மிச்சப்பட்ட பணம் எங்க சேமிப்புல இருக்கு" என்று சொல்லுவோம்.

கூட்டத்தில் பேசுவோம்

1. கடந்த தீபாவளிக்கு எடுத்த துணியை இதுவரை எத்தனை தடவை உடுத்தினோம்? ஒரு தடவைக்கு எவ்வளவு ஆனது?
2. துணிக்காக வாங்கிய கடன் அடைந்துவிட்டதா?
3. அடுத்த தீபாவளிக்கு மாதம் ரூ.100 தனியாகச் சேர்க்க எத்தனை பேர் தயார்?

எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினருக்குப் பக்கத்தில் இருப்பவர் கணக்குப் போட்டுக் கொடுங்கள். முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.