அரை மணி நேர வீடியோவும் அஞ்சு அயர்ன் பாக்ஸும்

சென்ற ஆண்டு ஒன்றிய அளவிலான அறிவியல் கண்காட்சிக்கு எங்கள் எட்டாம் வகுப்பு மாணவிகள் நால்வர் ஓர் அட்டை தயாரித்தார்கள். தலைப்பு, ‘மேகத்துக்கும் புகை உண்டு’. கைப்பேசியில் பார்க்கும் வீடியோ, வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம், டிரைவில் ஏற்றி வைக்கும் கோப்பு எல்லாம் ‘கிளவுடில்’ இருப்பதாகச் சொல்கிறோம். உண்மையில் அவை எங்கோ ஒரு கட்டடத்தில், இரவு பகலாக ஓடும் ஆயிரக்கணக்கான சர்வர் கணினிகளில் இருக்கின்றன. அவற்றை ஓட்டவும் குளிர்விக்கவும் மின்சாரம் வேண்டும். நம் நாட்டில் அந்த மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியை எரித்து வருகிறது. அட்டை சொன்னது இதைத்தான். நடுவில் சிவப்பு எழுத்தில் பெரிதாக ஒரு வரி: ‘அரை மணி நேரம் இணையத்தில் வீடியோ பார்த்தால் 1.6 கிலோ கார்பன் டை ஆக்சைடு!’

அந்த எண்ணைக் கொடுத்தது நான்தான். எப்போதோ நறுக்கி வைத்திருந்த ஒரு செய்தித் துணுக்கில் இருந்தது. ஏறத்தாழ 6 கிலோமீட்டர் கார் ஓட்டுவதற்குச் சமம் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். நடுவராக வந்தவர் அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டுத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அட்டைக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது.

இரண்டு வாரம் கழித்து மின்சாரக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். வீட்டு இ.பி. அட்டையை எல்லாரும் கொண்டு வந்திருந்தார்கள். 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்று கரும்பலகையில் எழுதினேன். கூடவே, நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்பதையும் எழுதினேன். மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கு அது. அட்டை செய்த நால்வரில் ஒருத்தி நோட்டில் ஏதோ வகுத்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்தாள்.

“டீச்சர், 1.6-ஐ 0.7-ஆல வகுத்தா 2.3 யூனிட் வருது. அரை மணி நேரத்துக்கே இவ்ளோன்னா ஒரு மணி நேரத்துக்கு 4.6 யூனிட். எங்க வீட்டு அயர்ன் பாக்ஸ் ஆயிரம் வாட். அப்ப ஒரு ஆளு வீடியோ பாக்க அஞ்சு அயர்ன் பாக்ஸ் சேந்து ஓடுற அளவுக்கா கரண்ட் போகும்?”

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, பதிலும் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று உட்கார வைத்தேன்.

எட்டு மடங்கு பிழை

அன்று இரவு தேடியதில் கிடைத்த கதை இது. பிரான்சில் ‘தி ஷிஃப்ட் புராஜெக்ட்’ என்ற ஆய்வு அமைப்பு இருக்கிறது. 2019இல் அந்த அமைப்பின் சார்பில் ஊடகத்துக்குச் சொல்லப்பட்ட எண்தான் 1.6 கிலோ. உலகம் முழுக்கப் பத்திரிகைகள் அதை எடுத்துப் போட்டன. 2020 பிப்ரவரியில் பன்னாட்டு எரிசக்தி முகமையைச் சேர்ந்த ஜார்ஜ் காமியா அதைச் சரிபார்த்தார். முதலில் வெளிவந்தது அலகுப் பிழை. இணைய வேகத்தை மெகாபிட்டில் சொல்வோம், கோப்பின் அளவை மெகாபைட்டில் சொல்வோம். ஒரு பைட் என்பது எட்டு பிட். பிட் இருக்க வேண்டிய இடத்தில் பைட் வந்துவிட்டதால் விடை எட்டு மடங்கு ஊதிவிட்டது. 1.6 கிலோ உண்மையில் 0.2 கிலோவாக இருந்திருக்க வேண்டும். அந்த அமைப்பும் இந்தத் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

அதோடு முடியவில்லை. தரவை அனுப்பும் வலையமைப்புகளும் சர்வர்களும் சில ஆண்டுகளில் வெகுவாகத் திறன் கூடியிருந்தன. பழைய அளவுகளை வைத்தே கணக்கு போட்டிருந்ததால் அங்கும் விடை கூடியிருந்தது. எல்லாவற்றையும் சரி செய்தபின் காமியா கண்ட அளவு, உலகச் சராசரியில் ஒரு மணி நேரத்துக்கு 36 கிராம், அதாவது அரை மணிக்கு 18 கிராம். அதிலும் பெரும்பங்கு நம் கையிலோ கூடத்திலோ இருக்கும் திரைக்குத்தான். ஐம்பது அங்குல டிவி கைப்பேசியைப் போல ஏறத்தாழ 100 மடங்கு மின்சாரம் எடுக்கும்.

மறுநாள் வகுப்பில் இதைச் சொல்ல எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. 1600-ஐ 18-ஆல் வகுக்கச் சொன்னேன். ஏறத்தாழ 89 வந்தது. “அப்ப பரிசைத் திருப்பிக் கொடுக்கணுமா டீச்சர்?” என்று கேட்டது கடைசி பெஞ்சு. நடுவராக வந்த ஆசிரியருக்கு அன்று மாலையே தொலைபேசியில் சொன்னேன். பரிசு இருக்கட்டும் என்றார். ஆனால் அந்த எண்ணை அவரும் தன் பள்ளியில் இரண்டு வகுப்புகளில் சொல்லியிருந்தாராம்.

அப்படியானால் கிளவுடால் பாதிப்பே இல்லையா?

இப்படி ஒரு மாணவன் கேட்டான். நியாயமான கேள்வி. ஓர் ஆளின் அரை மணி நேரம் சிறியது, மொத்தம் சிறியதல்ல. உலகின் தரவு மையங்கள் 2024இல் சுமார் 41,500 கோடி யூனிட் மின்சாரம் பயன்படுத்தின என்கிறது பன்னாட்டு எரிசக்தி முகமை. உலக மின்சாரத்தில் இது ஏறத்தாழ 1.5 சதவீதம். சில இடங்களில் சுமை மிக அதிகம். அயர்லாந்தில் 2023இல் மீட்டரில் பதிவான மின்சாரத்தில் 21 சதவீதம் தரவு மையங்களுக்கே போனது. ஆனால் 2010 முதல் 2018 வரை தரவு மையங்கள் செய்த வேலை ஆறு மடங்குக்கு மேல் கூடியும் மின்சாரம் சுமார் 6 சதவீதம்தான் கூடியது என்று 2020இல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஒவ்வோர் அலுவலகமும் மூலையில் ஒரு சர்வரை வைத்துக்கொண்டு பாதி நேரம் சும்மா ஓடவிட்டதற்குப் பதில், பலரின் வேலையை ஒரே இடத்தில் சேர்த்துச் செய்ததும் இதற்கு ஒரு காரணம். ஆளில்லாமல் ஓடும் நாலு மினிபஸ்ஸுக்குப் பதில் நிறைந்த ஒரு பேருந்து என்று சொன்னதும் பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவு வந்தபின் வேலையின் அளவு அந்தத் திறனையும் தாண்டி ஓடுகிறது.

அளப்பது எப்படி என்பதை மூன்று எண்களின் பெருக்கலாக நடத்தினேன். சர்வர்கள் எடுத்த யூனிட் முதல் எண். இரண்டாவது, கட்டடம் முழுவதும் எடுத்த மின்சாரத்தைச் சர்வர்கள் எடுத்ததால் வகுத்து வரும் விகிதம். இதை பி.யூ.இ. என்கிறார்கள். குளிர்விப்பதற்கும் விளக்குக்கும் போவது குறையக் குறைய இது 1-ஐ நெருங்கும். கூகுள் தன் மையங்களின் சராசரி 1.1 அளவில் இருப்பதாகச் சொல்கிறது. துறையின் பொதுச் சராசரி ஒன்றரைக்குச் சற்று மேல்.

எங்கள் ஹைடெக் லேபுக்குப் போய் இதே விகிதத்தைக் கண்டுபிடித்தோம். ஒவ்வொரு கருவியின் பின்னால் ஒட்டியிருக்கும் வாட் அளவைப் பிள்ளைகள் எழுதினார்கள். கணினிகளுக்கு 600 வாட், ஏசிக்கு 1500, விசிறி விளக்குக்கு 150. ஏசியின் கம்ப்ரசர் பாதி நேரம் நின்றிருக்கும் என்று கொண்டு 750 வைத்தோம். மொத்தம் 1500, விகிதம் 2.5. “கூகுளை விட நம்ம லேப் மோசம்” என்று ஒரே கூச்சல். ஏசி கணினிக்கு மட்டுமல்ல, உள்ளே இருக்கும் நாற்பது பேருக்கும் சேர்த்துத்தான் என்று ஒருவன் வாதாடினான். அவன் சொன்னதும் சரிதான். ஒரே ஒரு பீரியடு போதும் இந்தச் செயல்பாட்டுக்கு. ஏசி இல்லாத பள்ளியில் விசிறியை வைத்தே செய்யலாம்.

மூன்றாவது எண்தான் எனக்குப் பிடித்தது. அந்த மின்சாரம் எங்கிருந்து, எப்போது வந்தது? நமக்கு ஒரு யூனிட்டுக்கு 700 கிராம். நீர்மின்சாரமும் அணுமின்சாரமும் மிகுந்த ஸ்வீடனில் 50 கிராமுக்கும் குறைவு. ஃபேஸ்புக் 2013இல் வடக்கு ஸ்வீடனின் லூலியோ நகரில் தரவு மையம் திறந்ததற்கு அங்குள்ள ஆற்று நீர்மின்சாரமும், சர்வரைக் குளிர்விக்கப் போதுமான குளிர்காற்றும் காரணங்கள். நேரமும் முக்கியம். அவசரமில்லாத வேலைகளைக் காற்று, சூரிய மின்சாரம் கூடுதலாக வரும் நேரத்துக்குத் தள்ளி வைக்கும் முறையைக் கூகுள் 2020இல் அறிவித்தது. இதை விளக்க நான் சிரமப்படவில்லை. எங்கள் வகுப்பறைச் சன்னலில் நின்றால் காற்றாலைகள் தெரியும். ஆடியில் அவை எப்படிச் சுற்றும், மார்கழியில் எப்படி நிற்கும் என்பது இந்தப் பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஒன்றை மட்டும் எச்சரித்தேன். நிறுவனங்கள் தங்கள் கார்பன் அளவை இரண்டு விதமாகக் கணக்கிட விதி இடம் தருகிறது. கம்பியில் உண்மையில் வந்த மின்சாரத்தின்படி ஒன்று, விலை கொடுத்து வாங்கிய பசுமை மின்சாரத்தின்படி இன்னொன்று. இரண்டாவது கணக்கில் சுழியம் காட்டும் மையம் முதல் கணக்கில் நிலக்கரியில் ஓடிக்கொண்டிருக்கலாம். எந்தக் கணக்கு என்று சொல்லாத எண்ணை நான் இனி அட்டையில் ஏற்றுவதாக இல்லை.

நாம் என்ன குறைக்கலாம் என்ற கேள்விக்கு, பழைய மின்னஞ்சல்களை அழிக்கச் சொல்வதே வழக்கமான பதில். அதனால் கிடைப்பது மிகச் சொற்பம். ஒரு கைப்பேசியின் வாழ்நாள் கார்பனில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே வெளியாகிவிடுகிறது. ஆகவே இருக்கும் கருவியைப் பழுது பார்த்து இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டுவது மேல். பிள்ளைகள் இதைப் பெற்றோரிடம் சொல்லலாம். புதுக் கைப்பேசி கேட்டு அடம்பிடிப்பவர்கள் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

அந்த அட்டை இப்போது லேப் சுவரில் இருக்கிறது. 1.6-ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் வகுத்தல் கணக்கு முழுவதையும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். 18 கிராமையும் அப்படியே விடவில்லை. அது உலகச் சராசரிதானே என்று, காமியாவின் கணக்கில் உள்ள ஒரு மணி நேரத்துக்கு 0.077 யூனிட் என்ற அளவைப் பாதியாக்கி, நம் 0.7-ஆல் பெருக்கி, 27 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். ஆணையத்தின் எண் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அதைப் பென்சிலால் எழுதியிருக்கிறார்கள்.