நாக்குக்குத் தெரிந்தது உப்பு மட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. லாஸ்பேட்டையில் ஒரு வீட்டுக்காரர், "எங்க தாத்தா வெட்டுன கிணறு, இதுல என்னத்தப் பாக்கப் போற?" என்று தண்ணீரைச் சோதிக்கப் போன உன்னை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார் என்று நொந்து எழுதியிருக்கிறாய். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் குப்பி கழுவியவன் நான். இந்தக் கேள்வி எனக்கும் பழக்கம்தான்.

நம் புதுச்சேரியில் தண்ணீர் இரண்டே வகை: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. பாரதி பூங்கா நடுவில் நிற்கும் ஆயி மண்டபமே, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்தரையர்பாளையத்திலிருந்து ஊருக்குள் நல்ல தண்ணி வந்ததன் நினைவுதானே? இன்றைக்கும் போர் போட்டு உறிஞ்ச உறிஞ்ச, கடல் உள்ளே நகர்கிறது. உப்பைக் கண்டுபிடிப்பதில் இந்த ஊர் நாக்கு கெட்டிக்கார நாக்கு. ஆனால் அதற்குத் தெரிந்தது அது ஒன்றுதான். நைட்ரேட்டுக்கு ருசி இல்லை, ஈ.கோலைக்கு நிறம் இல்லை. செப்டிக் டேங்குக்குப் பத்தடி தள்ளியிருக்கும் உறைக்கிணற்றுத் தண்ணீர் கற்கண்டாக இனிக்கும். அதைத்தான் நீ முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அதனால் போனதும் குப்பியை எடுக்காதே. "கிணத்தைக் காட்டுங்க ஐயா" என்று கேள். கிணற்றைப் பற்றிப் பேசப் பிடிக்காத வீட்டுக்காரர் கிடையாது. சுற்றி வரும்போது பார்: மேல் உறையில் விரிசல் உண்டா, குளித்த தண்ணீர் எங்கே போகிறது, கக்கூஸ் குழி எத்தனை அடியில். ஐம்பது அடிக்குள் இருந்தால் பாதி ரிப்போர்ட் அங்கேயே எழுதியாகிவிட்டது.

ஆர்.ஓ. விற்க வருகிறவன் உனக்கு முன்பே வந்து போயிருப்பான். இரண்டு டம்ளர் தண்ணீரில் கம்பிகளை விட்டுக் கரண்ட் கொடுப்பான். கிணற்றுத் தண்ணீர் பழுப்பாகத் திரண்டு நுரைக்கும். அவன் மெஷின் தண்ணீர் தெளிவாகவே நிற்கும். அந்தப் பழுப்பு கம்பியின் இரும்பு கரைந்தது, அவ்வளவுதான். மெஷின் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு மறுபடி செய்யச் சொல், அதுவும் பழுப்பாகும். கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் பேனாவும் கிருமியைக் காட்டாது. அது நாக்கு செய்யும் வேலையையே நம்பரில் செய்கிறது. பயமுறுத்தி விற்கிறவனோடு போட்டி போட்டு நீயும் பயமுறுத்தாதே.

எச்2எஸ் குப்பி கையில் இருக்கட்டும். 1982-ல் மஞ்சா என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் எளிமையாக்கிக் கொடுத்த சோதனை. கோடு வரை தண்ணீர் ஊற்றி அவர்கள் வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டு வா. ஒன்றிரண்டு நாளில் கறுத்தால் மலக்கிருமி இருக்கலாம் என்று அர்த்தம். தாத்தா கிணறு என்றவர் அவராகவே போன் செய்வார். கூடத்துச் சோதனையை அதற்கப்புறம் வைத்துக்கொள்.

ரிப்போர்ட் கொடுக்கும் விதத்தில் நானே தவறியிருக்கிறேன். ஒரு வீட்டில் நைட்ரேட் 90 மில்லிகிராம் வந்தது. இந்தியத் தரத்தின்படி லிட்டருக்கு 45-ஐத் தாண்டக் கூடாது. "தண்ணி சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அந்த அம்மா அக்கறையாக நன்றாகக் கொதிக்க வைத்து, அதில் கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைத்துக் கொண்டிருந்தார். கொதித்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாக ஆவியாக இன்னும் கெட்டிப்படும். அந்த நைட்ரேட் குழந்தையின் ரத்தத்தில் பிராணவாயு ஏறாமல் செய்து உடம்பை நீலம் பாய வைக்கும். ஒரு வாரம் கழித்து வேறு வேலையாகப் போனபோதுதான் அடுப்பில் பாத்திரத்தைப் பார்த்தேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. அதிலிருந்து எண்ணுக்குப் பக்கத்தில் 'என்ன செய்யணும்' என்று என் கையால் எழுதாமல் எந்த ரிப்போர்ட்டையும் கொடுத்ததில்லை.

கிருமி என்றால் ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் பிளீச்சிங் பவுடர். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் கிணற்றில் விடச் சொல். ஆனால் கக்கூஸ் குழி பக்கத்திலேயே இருந்தால் இது ஒரு வாரத்துச் சமாதானம்தான், அதை மறைக்காதே.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் அந்த லாஸ்பேட்டை வீட்டுக்கு மறுபடி போ. குப்பி போட ஐஸ் பெட்டி எடுத்துக்கொள். காபி கொடுத்தால், எந்தத் தண்ணீர் என்று கேட்டுவிட்டுக் குடி.

அன்புடன்,
உன் பழைய குப்பி கழுவி