உபுண்டுவில் சிக்கலா? இப்படிக் கேளுங்கள்

கொல்கத்தா நியூ டவுனில் ஐடி வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். மடிக்கணினியில் உபுண்டு நிறுவியாயிற்று, வைஃபை மட்டும் வரவில்லை. தமிழிலேயே கேட்க இடம் உண்டு: காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இணையவழியாகக் கூடுகிறது, எந்த ஊரிலிருந்தும் சேரலாம்.

"வைஃபை வேலை செய்யவில்லை, உதவுங்கள்" என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது. மடிக்கணினியின் மாடல், 22.04, 24.04 என்று எண்ணோடு உபுண்டு பதிப்பு, வைஃபை சிப்பின் பெயர் மூன்றும் வேண்டும். டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' கட்டளை கொடுத்தால் பெரும்பாலும் சிப்பின் பெயர் தெரிந்துவிடும். பிழைச்செய்தியைக் கைபேசியில் படம்பிடித்து அனுப்பாதீர்கள். எழுத்தாகவே நகலெடுத்து ஒட்டினால்தான் உதவுபவர் அதைத் தேடிப் பார்க்க முடியும். கடைசியாக எதை மாற்றினீர்கள், எதையெல்லாம் முயன்றீர்கள் என்பதையும் சொல்லுங்கள். கடவுச்சொல் ஏதும் ஒட்டிக்கொண்டு வந்தால் நீக்கிவிடுங்கள்.

ஒருவரைத் தனியாகப் பிடித்து நச்சரிக்காமல் பொதுவில் கேளுங்கள். பதில் சொல்பவர்களில் பலர் தங்கள் வேலை முடிந்தபின் சம்பளமின்றி உதவுகிறவர்கள். ஒரு நாளாவது பொறுங்கள். புதியவர் என்ற கூச்சம் வேண்டவே வேண்டாம். 1991 ஆகஸ்ட் 25 அன்று, பின்னாளில் லினக்ஸ் ஆன, தான் பொழுதுபோக்காக எழுதிவந்த இயங்குதளத்துக்கு மற்றவர்களிடம் யோசனை கேட்ட லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது ஹெல்சிங்கியில் ஒரு மாணவர்தான்.

சரியானதும், எதனால் சரியானது என்று அதே இடத்தில் எழுதிவிடுங்கள். அதே சிப்போடு அடுத்து வருபவர் கேட்காமலேயே தீர்த்துக்கொள்வார்.