சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை

கேள்வி: எனக்கு வயது 61. டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறேன் என்று வீட்டில் தினமும் சண்டை. காதை டெஸ்ட் பண்ணச் சொல்கிறாள் மனைவி. மாடி வீட்டில் நாற்காலி இழுப்பதுகூட எனக்குக் கேட்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகள்தான் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். காதில் குறை இருந்தால் எனக்கே தெரியாதா?

- வாசகர், தஞ்சாவூர்

பதில்: பல பேருக்குத் தெரிவதில்லை.

வயதோடு வரும் காது மந்தம் எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி குறைக்காது. கீச்சொலிகளை வாங்கும் உள்காது செல்கள்தான் முதலில் பழுதாகும். நாற்காலி இழுபடுவது கனத்த ஒலி, அது கேட்கும். பேச்சில் உயிரெழுத்துகளும் அப்படித்தான். ச, த, ப, க எது என்று பிரித்துக் காட்டும் மெல்லிய ஒலிகள் நழுவிவிடும். 'பால் வந்தாச்சா?' என்று கேட்டால் 'கால் வந்தாச்சா?' என்று காதில் விழும். பழி பிள்ளைகள் மேல்!

திடீரென்று குறைந்தால் பதறிப்போவோம். இது வருடக்கணக்கில் குறைகிறது. அதற்குள் பழக்கங்கள் ஓட்டையை அடைத்துவிடுகின்றன. பேசுபவரின் உதட்டைப் பார்ப்பீர்கள். பாதியைக் கேட்டு மீதியை ஊகிப்பீர்கள். போன் அடித்தால், 'நீயே எடு'. கல்யாண மண்டபத்தில் நாலு பேர் சிரித்தால் கூடச் சேர்ந்து சிரிப்பீர்கள். ரிமோட்டில் ஒரு எண் கூட்டினால், மறுவாரம் அதுவே வழக்கமான அளவு. 2020-இல் எல்லோரும் முகக்கவசம் போட்டபோது, 'யார் பேசினாலும் புரியவில்லை டாக்டர்' என்று வந்தவர்கள் உண்டு. கவசம் மெல்லிய ஒலிகளைக் கொஞ்சம் அமுக்கும், உதட்டையும் மறைத்தது. காது அதற்கு முன்பே போயிருந்தது.

இன்றிரவு டிவி சத்தத்தை மனைவி வைக்கட்டும். நாளை எண்ணைப் பார்க்காமல் நீங்கள் வையுங்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிறகு ஈ.என்.டி. மருத்துவரிடம் போங்கள். வெறும் குறும்பி அடைப்பாகவும் இருக்கலாம். இல்லையென்றால் ஆடியோகிராம் எடுப்பார்கள். 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்று அளக்கும், வலியில்லாத சோதனை. மனைவியையும் அழைத்துப் போங்கள். மருத்துவர் கேட்கும் பாதிக் கேள்விக்கு அவர்தான் சரியான பதில் சொல்வார்.

தள்ளிப்போடாதீர்கள். ரொம்ப நாள் கழித்து ஹியரிங் எய்ட் மாட்டுபவருக்குத் தட்டு, கரண்டி சத்தம்கூட நாராசமாக இருக்கும். பழகச் சில வாரமாவது ஆகும். அதற்குள் கழற்றி அலமாரியில் வைப்பவர்களும் உண்டு.

ஒரு காது மட்டும் திடீரென்று அடைத்துப்போனால் கதை வேறு. அன்றே மருத்துவரைப் பாருங்கள்.